ஆணவக் கொலை: சொல் விளக்கம்

சாதி மாறிக் காதலித்தவர்களையும் மணந்தவர்களையும் குடும்பத்தாரோ சாதிக்காரர்களோ கொல்வதுதான் ஆணவக் கொலை. முன்பெல்லாம் செய்தித்தாள்கள் இதைக் 'கௌரவக் கொலை' என்று எழுதின. ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்பு அது. கௌரவம் வடசொல், 'கனமான' என்று பொருள்படும் 'குரு'விலிருந்து வந்து மதிப்பைக் குறித்தது. கொலையாளி தனக்குச் சொல்லிக்கொண்ட நியாயத்தையே நாமும் பெயராகச் சூட்டியிருந்தோம். இக்கொலைகளில் கௌரவம் ஏதுமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் லதா சிங் வழக்கிலேயே சொல்லிவிட்டது.

ஆணவம் சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிணிக்கும் மூன்று அழுக்குகளான மும்மலங்களில் முதலாவது. உயிரின் அறிவை மறைத்து அதை அணுவாகச் சிறுக்கவைப்பது என்பார்கள். சரி, இதற்கும் வேர் வடமொழிதான். தனித்தமிழில் செருக்கு என்று சொல்லலாம். 'யான் எனது என்னும் செருக்கு' என்கிறது குறள். ஆனால் 'செருக்குக் கொலை' மக்கள் வாயில் ஏறவில்லை, ஆணவம் ஏறிவிட்டது. அதுவே போதும். 'சாதி ஆணவப் படுகொலை' என்று முழுதாகச் சொல்வது இன்னும் சரி. சாதியை விட்டுவிட்டால் யாரோ ஒரு தகப்பனின் கோபமாகக் குற்றம் சுருங்கிவிடுகிறது.

அகமணமே, அதாவது சாதிக்குள்ளேயே மணம் முடிப்பதே, சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916-இலேயே எழுதினார். அதைக் காக்கப் பெண்ணைக் காவலில் வைக்க வேண்டும். மீறினால் அவள் உயிருக்கே ஆபத்து. நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படம் 'சைராட்'டில் (2016) அண்ணன், அம்மா கொடுத்தனுப்பிய சீருடன் வருகிறான். தங்கை மகிழ்ந்துபோய்த் தேநீர் போட்டுக் கொடுக்கிறாள். அப்புறம் நடக்கும் கொலையை நாம் பார்ப்பதில்லை; ரத்தத்தில் பதிந்த அவள் குழந்தையின் காலடிகளைப் பார்க்கிறோம். பெருமாள்முருகனின் 'பூக்குழி' நாவலில் மருமகள் ஒளிந்திருக்கும் புதருக்குத் தீ வைக்கும் கூட்டத்தில் மாமியாரும் நிற்கிறாள். இந்தக் காவல் வேலையில் பெண்களையும் சேர்த்துக்கொண்டுதான் சாதி பிழைக்கிறது.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் வரும் கிழவர் கொலைகளை விபத்தாகவும் தற்கொலையாகவும் சோடித்துவிடுகிறார், ஏதோ சாமிக்குச் செய்யும் கடமைபோல. வெளியிலும் இப்படித்தான் பல சாவுகள் 'தற்கொலை' என்றோ 'சந்தேக மரணம்' என்றோ பதிவாகின்றன. செய்தித்தாள்கள் மாற்றிக்கொண்ட பெயர் முதல் தகவல் அறிக்கைக்குள்ளும் போக வேண்டும். தனிச் சட்டம் கேட்டுப் போராடுகிறவர்கள் கேட்பதும் அதைத்தான்.