பம்பர் லைட்டுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது?

காசிமேட்டில் மீனும் ஐஸும் ஏற்றும் பிக்கப் வண்டியில் மாட்டிய எக்ஸ்ட்ரா லைட் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. நாள் முழுக்க உப்புக்காற்று, முன்னால் போகும் வண்டியிலிருந்து ஒழுகும் உப்புத்தண்ணீர், கத்திரி வெயிலில் கை வைக்க முடியாத பம்பர், ஐப்பசியில் சொல்லாமல் கொட்டும் மழை, போதாததற்கு வாரம் ஒரு வாட்டர் வாஷ். இப்படிப்பட்ட வண்டிக்கு லைட் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கோ புதுப்பேட்டைக்கோ போனால் முதலில் காதில் விழுவது வாட்ஸ் கணக்குதான். நூறு வாட்ஸ், முந்நூறு வாட்ஸ், இருபதாயிரம் லூமென் (லைட் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு). ஆனால் எல்இடி லைட்டைக் குப்பைக்கு அனுப்புவது பெரும்பாலும் வெளிச்சக் குறைவு அல்ல, உள்ளே புகுந்த தண்ணீர்.

லைட்டின் கூட்டுக்குள் கொஞ்சம் காற்று அடைபட்டிருக்கிறது. ஒரு மணி நேரம் எரிந்து அந்தக் காற்று 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். சூடான காற்று விரியப் பார்க்கும். லென்ஸுக்கும் கூட்டுக்கும் நடுவே அடைக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தால் போதும், கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். இந்த நிலையில் வண்டி மழையில் மாட்டுகிறது, அல்லது வேளச்சேரியில் தேங்கிய தண்ணீருக்குள் இறங்குகிறது. உள்ளிருக்கும் காற்று மளமளவென்று 30 டிகிரிக்கு வருகிறது. கெல்வின் கணக்கில் (செல்சியஸோடு 273 கூட்டினால்) 353-லிருந்து 303. மூடிய கூட்டில் வெப்பநிலை குறையும் அதே விகிதத்தில் அழுத்தமும் குறையும் என்பதால், உள்ளே 14 சதவீதம் அழுத்தம் குறைந்துவிடுகிறது. வளிமண்டல அழுத்தம் என்பது சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். அதில் 14 சதவீதம் என்றால் 1.4 மீட்டர். லைட் நனைந்தது மேல்தூறலில்தான், ஆனால் அதன் கேஸ்கெட்டின் மேல் நெஞ்சளவு ஆழக் குழியில் முக்கிவைத்த அளவுக்கு அழுத்தம் விழுகிறது. உள்ளே 200 மில்லி காற்றிடம் இருந்தால் 28 மில்லி, அதாவது ஐந்தாறு டீஸ்பூன் தண்ணீரை அது இழுத்துக்கொள்ளப் பார்க்கும். அடுத்த நாள் மறுபடி சூடு, மறுபடி மூச்சு.

அட்டைப்பெட்டியில் தூசி, தண்ணீர் தடுக்கும் தரக்குறியீடாக ஐபி67 என்று அச்சிட்டிருப்பதை நம்பி இதைத் தள்ளிவிட முடியாது. அதில் 6 என்பது தூசி புகாது என்பதைக் குறிக்கும். 7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கியது என்பதைக் குறிக்கும். ஆனால் அந்தச் சோதனையில் லைட்டுக்கும் தண்ணீருக்கும் வெப்பநிலை வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஆறிப்போன லைட்டைப் பச்சைத்தண்ணீரில் போட்டு வாங்கிய சான்று அது. எரிந்துகொண்டிருக்கும் லைட்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஐபி68 என்றால் ஆழமும் நேரமும் தயாரிப்பாளர் குறிப்பிடுவதுதான், எனவே எத்தனை மீட்டர் என்று கேட்க வேண்டும். இன்னொரு சிக்கல், மூழ்கித் தேறிய லைட் பீய்ச்சியடிக்கும் தண்ணீரிலும் தேறும் என்று பொருள் இல்லை. இரண்டும் தனித்தனிச் சோதனைகள். வாட்டர் வாஷ் துப்பாக்கிக்கு ஈடுகொடுப்பது ஐபி69கே. 80 டிகிரி சூட்டுத் தண்ணீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில் கிட்டத்திலிருந்து அடித்துப் பார்ப்பார்கள். ஐபி67, ஐபி69கே இரண்டும் சேர்ந்து பெற்ற லைட் கிடைத்தால் விலை கூடுதலானாலும் அதுவே நல்ல பேரம்.

மூச்சு விடுவதை நிறுத்த முடியாது, வடிகட்டி விடலாம். நல்ல லைட்டின் முதுகில் சட்டைப் பொத்தானைவிடச் சிறிதாக ஒரு வட்டம் தெரியும். நுண்துளைகள் கொண்ட டெஃப்லான் வகைச் சவ்வு அது. காற்றும் நீராவியும் போய்வரும், துளியாக வரும் தண்ணீர் நுழையாது. அழுத்தம் அங்கேயே சமன்பட்டுவிடுவதால் கேஸ்கெட்டுக்கு வேலை குறைகிறது. லைட்டைப் புரட்டிப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது இதைத்தான். கொடுமை என்னவென்றால், 'தண்ணி போகாம இருக்கட்டும்' என்று மாட்டும் இடத்தில் லைட்டைச் சுற்றிலும் சிலிகான் பூசும்போது இந்தச் சவ்வையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். பாத்ரூம் தொட்டிக்குப் பூசும், வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் இன்னும் மோசம். காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். அது செம்பை அரிக்கும், எல்இடிக்கும் கெடுதல். பூசியே ஆக வேண்டுமென்றால் 'நியூட்ரல் க்யூர்' என்று எழுதிய டியூபைக் கேட்டு வாங்கி, சவ்வைத் தொடாமல் பூச வேண்டும்.

வண்டியில் ஏற்றுவதற்கு முன் வீட்டிலேயே சோதிக்கலாம். தனி பேட்டரியில் ஃபியூஸோடு இணைத்து, லைட்டை அரை மணி எரியவிடுங்கள். அணைத்து, வயரைக் கழற்றி, ஒரு வாளிப் பச்சைத்தண்ணீரில் முக்குங்கள். உள்ளே காற்று குளிர்ந்து சுருங்கும்போது, ஓட்டை இருந்தால் தண்ணீரை உள்ளே இழுக்கும். பத்து நிமிடம் கழித்து எடுத்துத் துடைத்து, வெயிலில் வைத்து லென்ஸின் உட்புறத்தைக் கவனியுங்கள். மெல்லிய பனிப்படலம் படிந்து, லைட்டைப் போட்டதும் சிறிது நேரத்தில் மறைந்தால் அது குறையல்ல. சென்னைக் காற்றில் 30 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் நாளில், கண்ணாடி 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே வியர்த்துவிடும். அடியில் தண்ணீர் தளும்பினால் மட்டும் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

அதே அரை மணியில் இன்னொன்றையும் அளக்கலாம். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டிப் பாருங்கள். பெட்டியில் 180 வாட்ஸ் என்று போட்டிருக்கும் லைட் 13.5 வோல்ட்டில் 4 ஆம்பியர்தான் இழுக்கிறது என்றால் உண்மையில் அது 54 வாட்ஸ். எல்இடி சில்லுகளை எண்ணி, ஒவ்வொன்றும் தாங்கும் உச்ச வாட்ஸால் பெருக்கிப் போட்ட கணக்கு அந்த 180. பிறகு லைட்டின் வெளிச்சத்தைச் சுவரில் விழவைத்து, போனில் உள்ள லக்ஸ் மீட்டரால் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் ஆப்) போட்டவுடன் ஒருமுறை, அரை மணி கழித்து அதே இடத்தில் ஒருமுறை அளவெடுங்கள். பத்து சதவீதம்வரை இறங்குவது இயல்பு. முப்பதுக்கு மேல் இறங்கினால் சூடு வெளியேற வழியில்லை என்று அர்த்தம். ஹாலஜன் பல்பு தன் சூட்டில் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக முன்பக்கமே அனுப்பிவிடும். எல்இடியின் சூடு சில்லின் முதுகு வழியாக அலுமினியத்துக்குப் போய், பின்பக்கத் துடுப்புகள் வழியாகக் காற்றில் கலந்தாக வேண்டும். வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகத்தான் போகிறது. கையில் எடுத்தால் தக்கையாக இருக்கும் லைட்டில் துடுப்பு பெயருக்குத்தான் இருக்கும். எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் சர்க்யூட்டில் உள்ள எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்கு, கூடும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய வாய்பாடு. சில்லு சாவதற்கு முன் சாவது பெரும்பாலும் இதுதான்.

உப்பின் வேலை மெதுவானது. அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலம். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைப் பொத்துவிடும். பெயின்ட் பொங்கி, கீழே வெள்ளை மாவு பூத்திருந்தால் அது தொடங்கிவிட்டது. எங்கே முதலில் பூக்கும் என்றால், போல்ட்டைச் சுற்றி. ஸ்பேனர் அங்கே பவுடர் கோட்டிங்கைச் சுரண்டியிருக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் உப்புத்தண்ணீரில் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரியாகிவிடும்; கரைவது அலுமினியம். நைலான் வாஷர் போட்டு, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி முறுக்கினால் இந்தப் பேட்டரி இணைப்பு அறுந்துவிடும். போல்ட் 304-ஐவிட மாலிப்டினம் கலந்த 316 ரகமாக இருந்தால் கடலோரத்துக்கு நல்லது. லென்ஸ் பாலிகார்பனேட் என்றால் புற ஊதாப் பூச்சு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மஞ்சளாகிவிடும்.

லைட்டைப் பிடிக்கும் தாங்கிக்கு 3 மி.மீ. தகடாவது வேண்டும். இரண்டு முனைகளில் மட்டும் பிடித்த நீளமான எல்இடி பார் குண்டும் குழியுமான ரோட்டில் வில் மாதிரி ஆடும். ஆட்டத்தில் உள்ளே சால்டர் விடும், வெளியே தகடு மடிப்பில் கீறும். நடுவில் ஒரு பிடியும் நைலாக் நட்டும் போட்டால் தீர்ந்தது. லைட் மாட்டுவதற்காக பம்பருக்கு முன்னால் புல் பார் என்னும் இரும்புக் கம்பித் தடுப்பைப் போட வேண்டாம். அது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு மாறானது, நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

லைட் நல்லதாக இருந்தும் கெடுவது வயரிங்கில். 10 ஆம்பியர் இழுக்கும் லைட் ஜோடிக்கு பேட்டரியிலிருந்து லைட்வரை 4 மீட்டர், திரும்ப 4 மீட்டர் என்று வைத்தால், 1 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் 1.4 வோல்ட் வழியிலேயே தொலையும். 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டால் 0.56 வோல்ட்தான். ஹாலஜனில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். எல்இடியில் வெளிச்சம் குறையாது. ஆனால் டிரைவர் சர்க்யூட் ஈடுகட்ட அதிக ஆம்பியர் இழுத்து வயரைச் சூடாக்கும். 15 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸ் இருப்பது லைட்டைக் காக்க அல்ல, வயர் பற்றிக்கொள்ளாமல் காக்க. அதைத் தள்ளி வைத்தால் நடுவிலுள்ள வயருக்குப் பாதுகாப்பு கிடையாது. சின்ன சுவிட்சால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ரிலேயில், முனை எண் 30-க்கு ஃபியூஸ் வழியாக பேட்டரி, 87-இலிருந்து லைட், 86-க்கு சுவிட்ச், 85-க்கு எர்த். எர்த்தை சேசிஸில் கிடைத்த ஏதோ ஒரு போல்ட்டில் மாட்டுவதைவிட பேட்டரி நெகட்டிவுக்கே தனி வயர் இழுப்பது மேல்.

ஜாயின்ட்டில் கறுப்பு டேப் சுற்றுவது சென்னையில் செல்லாது. வெயிலில் பசை இளகி வழுக்கிவிடும். அதன்பின் பல இழை வயர் அகல்விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலத் தண்ணீரை உறிஞ்சும். லைட் குளிரும்போது உண்டாகும் உறிஞ்சல் அதற்குத் துணைசேரும். அரை மீட்டர் தள்ளி நனைந்த ஜாயின்ட்டிலிருந்து தண்ணீர் வயருக்குள்ளேயே நடந்துவந்து லைட்டுக்குள் இறங்கும். கேஸ்கெட் கச்சிதமாக இருந்தும் உள்ளே ஈரம் என்றால் வயர் உறையைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். செம்பு பச்சைக் களிம்பு பூத்திருந்தால் வழி அதுதான். ரப்பர் சீல் வைத்த கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் செருகி), உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்), கப்ளருக்கு முன் வயரைக் கீழ்நோக்கி ஒரு வளையமாகத் தொங்கவிடுதல், இந்த மூன்றும் வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றி லூமென் சொல்வது கொஞ்சம்தான். 400 மீட்டரில் 1 லக்ஸ் என்று போட்ட லைட் 200 மீட்டரில் 4, 100 மீட்டரில் 16 லக்ஸ் தரும். ஒப்பிட இந்தக் கணக்குதான் உதவும். மழைக்கும் போகிப் புகைக்கும் கீழே மாட்டிய, ஒளியின் மேல்விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும் ஃபாக் லேம்ப் போதும். மஞ்சள் மூடுபனியைத் துளைக்கும் என்பது பாதி கட்டுக்கதை. பனித்துளி ஒளி அலையைவிட மிகப் பெரியது என்பதால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரேபோல் சிதறடிக்கும். நீலம் குறைவதால் கண் கூசாமல் இருக்கிறது, அவ்வளவே. கேபின் தலைமேல் மாட்டும் எல்இடி பார், ஓட்டுநரின் கண்ணுக்கு முன் விழும் மழைத்துளிகளைத்தான் பளிச்சென்று காட்டும். சாலையில் எதிரே வருபவர் கண்ணைக் கூசவைத்தால் அபராதமும் உண்டு. அதை மூடி போட்டு வைத்து, பொதுச்சாலைக்கு வெளியே மட்டும் பயன்படுத்துங்கள். சாலையில் எரியவிடும் லைட்டின் லென்ஸில், வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்; ஐ.நா. வாகன விதிப்படி சோதித்து ஏற்ற முத்திரை அது.

மாட்டிய பிறகு பராமரிப்பு என்று பெரிதாக எதுவுமில்லை. மீன் லோடு இறக்கிய அன்றே லைட்டின் முதுகுத் துடுப்புகளில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போல்ட்டை இழுத்துப் பார்ப்பது. ஆனால் இரவு முழுக்க எரிந்த லைட்டோடு வந்து நேராக வாட்டர் வாஷில் விடக் கூடாது. அணைத்து அரை மணி ஆறட்டும், ஒரு டீ குடித்துவிட்டு வந்தபின் துப்பாக்கியை எடுக்கச் சொல்லுங்கள்.