ஷோரன்னர்: தமிழில் என்ன சொல்லலாம்?

'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பின் சீசன்களில் 'எக்ஸிகியூட்டிவ் புரொடியூசர்' என்ற ஒரே பட்டத்தோடு மூன்று பெயர்கள் வரும்: வின்ஸ் கில்லிகன், மார்க் ஜான்சன், மிஷெல் மெக்லாரன். ஜான்சன் சினிமாவிலிருந்து வந்த தயாரிப்பாளர். மெக்லாரன் பல பகுதிகளை இயக்கியவர். கதையை உருவாக்கி, 62 பகுதிகளும் முடியும்வரை அதைக் கையில் வைத்திருந்தவர் கில்லிகன். கலிஃபோர்னியாவின் பர்பாங்கில் இருந்த எழுத்தறையில், அதாவது எழுத்தாளர்கள் கூடிக் கதை பேசும் அறையில், பலகை முழுக்கச் சிறு அட்டைகளைக் குத்தி, காட்சி காட்சியாகக் கதை பின்னுவார்கள். படப்பிடிப்போ நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில். அட்டையில் எழுதியது அங்கே எப்படிப் படமாகிறது, படத்தொகுப்பில் என்ன நிற்கிறது என்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் கில்லிகன்தான். ஷோரன்னர் என்றால் அவர். ஆனால் அந்தச் சொல் தலைப்பு எழுத்துகளில் எங்கும் வராது.

ஒரே பட்டத்தைப் பலர் பகிர்ந்துகொண்டபோது, 'இவர்களில் தொடரை உண்மையில் நடத்துவது யார்?' என்ற கேள்விக்குப் பதிலாகத் தொழில் வட்டாரத்தில் புழங்கிய பேச்சுவழக்குச் சொல் இது. அச்சில் பரவியது 1990களில். வேலை அதைவிடப் பழையது. அதற்கு முன் இருந்த பெயர் 'ஹைஃபனேட்', அதாவது சிறுகோட்டுக்காரர். எழுத்தாளர்-தயாரிப்பாளர் என்று நடுவில் கோடு போட்டு எழுதுவதால் வந்த பெயர்.

அந்தச் சிறுகோடு பெரிய வழக்கையே கிளப்பியது. 1973-இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தபோது, இந்த இரட்டை வேலைக்காரர்கள் சிலர் மேற்பார்வை வேலைக்கு மட்டும் உள்ளே போனார்கள். சங்கம் அவர்கள்மேல் நடவடிக்கை எடுத்தது. 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், சங்கம் அப்படித் தண்டித்தது தவறு என்றது. வழக்கின் அடியில் இருந்த கேள்வி: இவர் எழுத்தாளரா, முதலாளி பக்கத்து ஆளா? 2007 வேலைநிறுத்தத்தில் ஷோரன்னர்கள் பலர் இரண்டு வேலையையும் நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார்கள்.

நம் வாசகர் தடுக்கி விழும் இடம் 'புரொடியூசர்' என்ற சொல். தமிழில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். அமெரிக்கத் தொடர்களில் அது பல சமயம் எழுத்தாளரின் பதவி உயர்வு. ஸ்டாஃப் ரைட்டர், ஸ்டோரி எடிட்டர், கோ-புரொடியூசர், புரொடியூசர் என்று படிப்படியாக ஏறுவார்கள். சொந்தக் காசு ஒரு பைசா போட வேண்டியதில்லை. நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின்கூட 1980களில் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' தொடரில் இந்தப் படிகளில் ஏறியவர்தான். எழுத்தாளர் மேத்யூ வைனர் தானாக எழுதி வைத்திருந்த 'மேட் மென்' முதல் பகுதியைப் படித்துவிட்டு, 'சோப்ரானோஸ்' தொடருக்கு அவரை எடுத்தார் அதன் ஷோரன்னர் டேவிட் சேஸ். மற்றவர்கள் எழுதிய பிரதியைத் தானே உட்கார்ந்து திருத்தி எழுதும் பழக்கம் உள்ளவர் சேஸ். அவரிடம் வைனர் எக்ஸிகியூட்டிவ் புரொடியூசர்வரை உயர்ந்தார். 2007 ஜூனில் 'சோப்ரானோஸ்' முடிந்தது. ஜூலையில் 'மேட் மென்' தொடங்கியது, அவரே ஷோரன்னர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ரன்' என்பதற்கு ஓட்டு, நடத்து என்ற இரண்டும் பொருந்தும். நாமும் கடையை ஓட்டுகிறோம், குடும்பத்தை ஓட்டுகிறோம். ஆனால் ஓட்டுநர் என்றதும் ஸ்டீயரிங்தான் கண்ணில் வரும். நடத்துநர் என்றால் டிக்கெட் பையும் விசிலும். நெறியாளர் விவாத மேடைக்குப் போய்விட்டார். 'நிர்வாகத் தயாரிப்பாளர்' அந்தப் பட்டத்தின் மொழிபெயர்ப்பு, இந்த வேலையின் பெயர் அல்ல. 'படைப்பாளி' என்பதிலும் ஒரு சிக்கல்: தொடரை உருவாக்கியவர் விலகினால் ஷோரன்னர் மாறுவார். 'த வெஸ்ட் விங்' தொடரை உருவாக்கிய ஆரன் சார்கின் நான்கு சீசனோடு வெளியேற, ஜான் வெல்ஸ் பொறுப்பேற்றார்.

நான் பரிந்துரைப்பது 'தொடராசிரியர்'. ஆசிரியர் என்ற நம் சொல்லுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். நூலாசிரியர் எழுதுகிறவர். பத்திரிகை ஆசிரியர் பிறர் எழுத்தை வாங்கி, வெட்டி, ஒட்டி, இதழில் வந்த ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்கிறவர். ஷோரன்னர் இந்த இரண்டு பேரும்தான். சிறுகோடு போட்டு அவர்கள் சொன்னதை நாம் கோடில்லாமல் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவரோடு குழப்பம் வருமென்றால் 'தொடரின் பொறுப்பாசிரியர்' என்று விரித்துக்கொள்ளலாம்.

எழுத்தறைக்கோ புதுச்சொல்லே தேவையில்லை. பலர் கூடிக் கதை பேசி, கம்பெனியின் பெயரில் அதை வெளியிட்ட இடம் நம் ஸ்டுடியோக்களில் இருந்தது, ஏவி.எம்., தேவர் பிலிம்ஸ் படங்களின் தலைப்பில் அதைப் பார்க்கலாம். கதை இலாகா.