உரிமம் பெற்ற காப்பீட்டு முகவர்

அமெரிக்காவில் 65 வயதை நெருங்குபவர்களுக்கு வரும் அஞ்சல்களிலும் தொலைக்காட்சி விளம்பரங்களிலும் 'லைசென்ஸ்டு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்' என்ற தொடர் அடிக்கடி இடம்பெறுகிறது. பெரும்பாலும் 65 வயதைக் கடந்தவர்களுக்காக அமெரிக்க அரசு ஏற்படுத்திய மருத்துவக் காப்பீடாகிய மெடிகேரில் ஏற்ற திட்டத்தைத் தேர்ந்தெடுக்க இவர் துணைசெய்வார் என்று அவை சொல்கின்றன. தமிழில் இத்தொடரை 'உரிமம் பெற்ற காப்பீட்டு முகவர்' என்று எழுதுகிறோம். ஒவ்வொரு சொல்லும் எதை உறுதி செய்கிறது, எதை உறுதி செய்யவில்லை என்பதை அறிந்து கொண்டால், அந்த முகவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

முதலில் மெடிகேர். மருத்துவத்தையும் பராமரிப்பையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி உருவாக்கிய பெயர் இது. 1956இல் படைவீரர்களின் குடும்பங்களுக்காக ஏற்பட்ட மருத்துவத் திட்டத்துக்கே அமெரிக்காவில் இப்பெயர் முதலில் வழங்கியது. இன்று நாம் அறியும் மெடிகேருக்கான சட்டத்தில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் 1965 ஜூலை 30 அன்று, மிசூரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில், முன்னாள் தலைவர் ஹாரி ட்ரூமனை அருகில் வைத்துக்கொண்டு கையொப்பமிட்டார். கனடாவும் ஆஸ்திரேலியாவும் தங்கள் பொது மருத்துவ ஏற்பாடுகளுக்கு இதே பெயரை வழங்குகின்றன என்றாலும் அவற்றின் அமைப்பு வேறு. சிலர் இதை 'முதியோர் மருத்துவக் காப்பீடு' என்று மொழிபெயர்க்கிறார்கள். ஆனால் உடற்குறைபாட்டால் வேலை செய்ய இயலாதவர்களும், சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவர்களும் 65 வயதுக்கு முன்பே இதில் சேர முடியும் என்பதால், அதை விளக்கமாகக் கொள்ளலாமே தவிர பெயராகக் கொள்ள இயலாது. மெடிகேர் என்றே எழுதுவது நல்லது. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான மெடிகெய்டு வேறொரு திட்டம். அப்பெயரின் ஈற்றில் இருப்பது உதவி என்று பொருள்படும் சொல்.

அடுத்தது காப்பீடு. காப்பு, ஈடு என்ற இரண்டும் சேர்ந்த இச்சொல், இழப்பு நேர்ந்தால் அதற்கு ஈடு தந்து காப்பது என்ற பொருளை நேராகத் தருகிறது. இலங்கையில் இதையே காப்புறுதி என்பார்கள். மருத்துவமனைச் செலவுக்கான ஏ பகுதியையும், மருத்துவர் கட்டணம் முதலியவற்றுக்கான பி பகுதியையும் நடத்துவது கூட்டரசு. அவற்றில் சேர்வது சமூகப் பாதுகாப்பு நிருவாகத்தின் வழியாகவே. முகவர் விற்பது தனியார் நிறுவனங்களின் காப்பீட்டை மட்டும்தான்: ஏ, பி இரண்டையும் உள்ளடக்கித் தனியார் நடத்தும் சி பகுதியாகிய மெடிகேர் அட்வான்டேஜ், மருந்துகளுக்கான டி பகுதி, அரசுத் திட்டம் விட்டுவைக்கும் செலவை ஏற்கும் மெடிகேப்.

ஏஜென்ட் என்ற சொல்லுக்கு வேர், செய்தல், செலுத்துதல் என்று பொருள்படும் 'அகேரே' என்ற இலத்தீன் வினை. ஒருவர் தந்த அதிகாரத்தின் பேரில் அவருக்காகச் செயல்படுபவர் என்பது அதன் சட்டப் பொருள். தமிழின் 'முகவர்' முகம் என்ற சொல்லின் அடியாக அமைந்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் முகவர்களால் தமிழ்நாட்டில் வீடுதோறும் பழகியது. இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்பேன், ஏனெனில் இவர் யாருடைய முகமாக நம்முன் அமர்ந்திருக்கிறார் என்ற கேள்வியை அது தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. காப்பீட்டுத் துறையின் பொது வழக்கில் ஏஜென்ட் நிறுவனத்தின் சார்பில் நிற்பவர். வாங்குபவரின் சார்பில் நிற்பவர் புரோக்கர், அதாவது தரகர். இன்றைய அமெரிக்க மாநிலச் சட்டங்கள் பலவற்றில் இருவருக்கும் பொதுவாக 'புரொடியூசர்' என்ற சொல்லே உள்ளது. அதைத் தமிழில் தயாரிப்பாளர் என்று பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். அங்கும் முகவர் என்றே எழுத வேண்டும்.

இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது 'இண்டிபெண்டன்ட் ஏஜென்ட்' என்ற தொடர். இதைச் 'சார்பற்ற முகவர்' என்று மொழிபெயர்ப்பது வாசகரைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்கிறது. ஒரே நிறுவனத்தோடு கட்டுண்டவர் அல்லர், பல நிறுவனங்களின் திட்டங்களை விற்பவர் என்பதே அதன் பொருள். நடுநிலையானவர் என்று அது சொல்லவில்லை. 'பல நிறுவன முகவர்' என்று எழுதினால் உண்மை நிலை விளங்கும். இவருக்கும் ஊதியம் தருபவை காப்பீட்டு நிறுவனங்களே. அந்தத் தரகுக்கு மெடிகேரை நிருவகிக்கும் கூட்டரசு அமைப்பு ஆண்டுதோறும் உச்சவரம்பு விதிக்கிறது: 2025இல், பெரும்பாலான மாநிலங்களில், ஒருவரை அட்வான்டேஜ் திட்டத்தில் முதன்முறையாகச் சேர்ப்பதற்கு 626 டாலர், அவர் தொடரும் ஒவ்வோராண்டும் அதில் பாதி. வாங்குபவர் முகவருக்கு எதுவும் தர வேண்டியதில்லை, முகவர் வழியாகச் சேர்ந்தாலும் தாமே சேர்ந்தாலும் மாதக் கட்டணம் ஒன்றே. பல திட்டங்களை ஒப்பிட்டுச் சொல்லத் தெரிந்த முகவரின் உழைப்பு அந்தத் தரகுக்குத் தகுந்ததுதான். ஆனால் எந்தெந்த நிறுவனங்களின் திட்டங்களை அவர் விற்கிறார், உங்கள் வட்டாரத்தில் அவர் விற்காதவை எவை என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

உரிமம் என்பது 'லைசென்ஸ்' என்பதற்கு நிலைத்துவிட்ட நல்ல தமிழ்ச் சொல். உரிமை இயல்பாக நமக்கு உள்ளது, உரிமமோ அரசு தருவது, தவறினால் அரசே திரும்பப் பெறக்கூடியது. காப்பீட்டு முகவருக்கான உரிமத்தைத் தருவது அந்தந்த மாநிலத்தின் காப்பீட்டுத் துறை என்பதால், டெக்சாசில் வாழ்பவருக்குத் திட்டம் விற்பவர் டெக்சாசில் செல்லும் உரிமம் வைத்திருக்க வேண்டும். அதை அத்துறையின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். சி, டி பகுதிகளை விற்பவர் ஆண்டுதோறும் தனிப் பயிற்சியும் தேர்வும் முடிக்க வேண்டும். மெடிகேர் அனுப்பிய ஆள் என்று அவர் சொல்லிக்கொள்ளக் கூடாது, அழைக்காமல் வீட்டுக் கதவைத் தட்டவும் கூடாது.

உரிமம் தகுதிக்குச் சான்றாகலாம், பரிந்துரைக்குச் சான்றாகாது. இது அதிகம் உறைக்கும் இடம் அட்வான்டேஜா மெடிகேப்பா என்ற தேர்வு. அட்வான்டேஜ் திட்டங்கள் பலவற்றுக்கு மாதக் கட்டணமே இல்லை. ஆனால் அவை குறித்த மருத்துவர் வட்டத்துக்குள்ளேயே செல்லச் சொல்வதும், சில சிகிச்சைகளுக்கு முன் இசைவு கேட்பதும் வழக்கம். மெடிகேப் மாதந்தோறும் பணம் கேட்கும். பதிலுக்கு மெடிகேரை ஏற்கும் எந்த மருத்துவரிடமும் செல்ல முடியும். 65 வயதில் பி பகுதி தொடங்கிய பின் வரும் 6 மாதங்களுக்குள் கேட்டால் எந்த நிறுவனமும் மெடிகேப்பை மறுக்க முடியாது. அதன் பிறகு பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைக் காட்டி மறுக்கலாம். ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை அட்வான்டேஜ், மருந்துத் திட்டங்களை மாற்றிக்கொள்ளலாம் என்று விளம்பரங்கள் உரக்கச் சொல்வதால், மெடிகேப்புக்கான இந்த ஒருமுறை வாய்ப்பு பலர் கண்ணில் படாமலே போகிறது. முகவர் இதைத் தாமாகச் சொல்லாவிட்டால் நாமே கேட்க வேண்டும்.

பிள்ளைகளோடு வாழ நிரந்தர வசிப்புரிமை அட்டையுடன் (கிரீன் கார்டு) வந்த தமிழ்ப் பெற்றோருக்கும் இதில் இடமுண்டு. 65 வயது நிறைந்து, தொடர்ந்து 5 ஆண்டுகள் அங்கு வசித்திருந்தால் பணம் கட்டிச் சேரலாம். 2025இல் ஏ பகுதிக்கு முழு மாதக் கட்டணம் 518 டாலர், பி பகுதிக்கு 185 டாலர். ஊருக்கு வந்து தங்கும்போது மெடிகேர் பொதுவாகக் கைகொடுக்காது. மெடிகேப் வகைகளில் சில மட்டும், பயணத்தின் முதல் 60 நாட்களில் வெளிநாட்டில் நேரும் அவசர சிகிச்சைச் செலவில் 80 விழுக்காட்டை, 250 டாலர் கழித்து, வாழ்நாளில் 50,000 டாலர் வரை ஏற்கின்றன.

விற்பனையோடு தொடர்பில்லாதவர்களிடம் கேட்க விரும்பினால், ஒவ்வொரு மாநிலத்திலும் 'ஷிப்' என்று சுருக்கமாக வழங்கும் மாநில மருத்துவக் காப்பீட்டு உதவித் திட்டம் உள்ளது. அங்கே பயிற்சி பெற்றவர்கள், அவர்களுள் பலர் தன்னார்வலர்கள், கட்டணமின்றித் திட்டங்களை ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். அவர்கள் எதையும் விற்பதில்லை, தரகும் பெறுவதில்லை. எனவே அவர்களை முகவர் என்று எழுதாமல் ஆலோசகர் என்றே எழுத வேண்டும்.