ஒரு எலிகூட சாகவில்லை என்றால் போதுமா?

மூலிகைச் சாரத்தின் பரிசோதனை அறிக்கையோடு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே வரியைத்தான் காட்டுவார்கள்: 'கிலோ எடைக்கு 2000 மில்லிகிராம் கொடுத்தும் ஒரு எலிகூட சாகவில்லை.' இனி லேபிளில் 'பக்கவிளைவு இல்லாதது' என்று போட்டுவிடலாம் என்று மனதார நம்புகிறார்கள். நச்சியல் ஆய்வகத்தில் வேலை செய்யும் எனக்கு அதைக் கேட்டாலே பதறுகிறது.

அந்த வரி, ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த 423-ஆம் எண் சோதனையிலிருந்து வருவது. ஒவ்வொரு படியிலும் மூன்று எலிகள். ஒரு டோஸ் கொடுத்துவிட்டு 14 நாள் கவனிப்போம், அவ்வளவுதான். ஒரே தடவையில் நிறைய உள்ளே போனால் உயிருக்கு ஆபத்தா என்பது மட்டும் அதில் தெரியும். தினம் இரண்டு வேளை, மாதக்கணக்கில் சாப்பிடுகிறவரின் சிறுநீரகம் என்ன ஆகும் என்று அந்தச் சோதனை பார்ப்பதே இல்லை.

பிரஸ்ஸல்ஸில் நடந்ததை எங்கள் துறையில் யாரும் மறக்க மாட்டோம். உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 1993-இல் அது மருத்துவ இதழில் வெளிவந்தது. சேர்க்க வேண்டிய மூலிகைக்குப் பதிலாக ஆடுதின்னாப்பாளை இனத்துச் செடி ஒன்று கலந்திருந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம்தான் காரணம். பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. சாப்பிட்ட அன்றைக்கு யாரும் மயங்கி விழவில்லை. சேதம் மெல்ல மெல்லத்தான் வந்தது.

அதனால்தான் 28 நாள், 90 நாள் தொடர்ந்து கொடுத்துப் பார்க்கும் சோதனைகள் தேவை. முடிவில் ரத்தத்தைப் பரிசோதித்து, ஈரல், சிறுநீரகத் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்க்கிறோம். மரபணுவைக் கெடுக்குமா என்பதற்கு ஏம்ஸ் சோதனை தனி. அதில் பாக்டீரியாவின் மரபணு மாறுகிறதா என்று பார்ப்போம், கூடவே எலி ஈரலின் நொதிகளையும் சேர்ப்போம். சில பொருட்கள் ஈரலுக்குள் போன பிறகுதான் நஞ்சாக மாறும், கம்ஃப்ரே என்ற மூலிகைச் செடியில் உள்ள ஆல்கலாய்டு எனும் வேதிப்பொருட்கள் அப்படித்தான்.

சரி, தலைமுறை தலைமுறையாகக் குடித்ததுதானே என்பார்கள். குடித்தது தண்ணீரில் காய்ச்சிய கஷாயம். நீங்கள் கொண்டு வந்திருப்பது ஹெக்சேன் என்ற பெட்ரோலியக் கரைப்பானில் எடுத்த சாரம். தண்ணீரில் இறங்காத பொருட்கள் அதில் இறங்கியிருக்கும், மீந்துபோன ஹெக்சேனும் கொஞ்சம் இருக்கலாம். அந்த அனுபவம் இந்தச் சாரத்துக்குச் சாட்சி ஆகாது.

எனவே மாதிரியை வாங்கும்போதே கேட்டுவிடுவேன்: செடியின் எந்தப் பாகம், எந்தக் கரைப்பான், விற்கப்போவதும் இதே முறையில் எடுத்ததுதானா, ஒருவர் எத்தனை நாள் சாப்பிடப் போகிறார்? கடைசிக் கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் எந்தச் சோதனை என்று பேச ஆரம்பிப்போம்.