ஒரு ஸ்பேனர் கணக்கில் குறைந்தால்

விமானப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே நான் சொல்வது அமெரிக்க விமானி பெஸ்ஸி கோல்மனின் கதையைத்தான். எஞ்சினைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

1926 ஏப்ரல் 30, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் நகரம். மறுநாள் அங்கே விமான சாகசக் காட்சி. பெஸ்ஸி பாராசூட்டில் குதிப்பதாக ஏற்பாடு. கறுப்பினப் பெண் என்று சொந்த நாட்டில் எந்தப் பயிற்சிப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாததால், பிரெஞ்சு மொழி படித்து, பிரான்சுக்கே போய் 1921-இல் லைசென்ஸ் வாங்கி வந்தவர் அவர். முந்தைய நாளான அன்று, இடம் பார்ப்பதற்காகப் பறந்த விமானத்தை ஓட்டியவர் அவருடைய மெக்கானிக் வில்லியம் வில்ஸ். குதிக்க வேண்டிய இடத்தைப் பெஸ்ஸி மேலிருந்து எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பெல்ட் போட்டால் விளிம்புக்கு மேல் பார்வை எட்டாது. போடவில்லை.

விமானம் திடீரென்று தலைகுப்புறப் பாய்ந்தது. பெஸ்ஸி வெளியே வீசப்பட்டார். வில்ஸ் விமானத்தோடு விழுந்தார். இருவருமே பிழைக்கவில்லை. சிதைவுகளைப் பார்த்தபோது கண்ட்ரோல் அமைப்பில் ஒரு ஸ்பேனர் சிக்கியிருந்தது.

அது கர்டிஸ் ஜென்னி வகை, முதல் உலகப் போர்க் காலத்துப் பயிற்சி விமானம். டல்லாஸிலிருந்து வரும் வழியிலேயே பழுதாகிச் சில முறை இறங்க நேர்ந்த பழைய வண்டி. விமானி கையில் பிடித்து ஓட்டும் ஸ்டிக்கிலிருந்து வால் வரை கம்பி கேபிள்கள்தான். நடுவில் ஓர் இரும்புத் துண்டு புகுந்துவிட்டால், ஓட்டுபவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் வால் அசையாது.

பெல்ட் விஷயமும் அப்போது புதிதல்ல. 1912 ஜூலை 1 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் அருகே பெண் விமானி ஹாரியட் குவிம்பியும் உடன் வந்தவரும் பறக்கும் விமானத்திலிருந்து தூக்கி எறியப்பட்டு இறந்தார்கள். ஆள் இல்லாத விமானமோ பெரிய சேதமில்லாமல் தரைக்கு வந்து சேர்ந்தது! வானில் போய்க்கொண்டிருக்கும்போதே பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சாவகாசமாக உட்காரும் பயணிகளைப் பார்த்தால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

பெஸ்ஸி இறந்த இருபதாம் நாள், மே 20 அன்று, விமானத்துக்கும் விமானிக்கும் அரசுச் சான்று வேண்டும் என்பதற்கு வழிசெய்த சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தானது.

சரி, விமானங்களைப் பழுதுபார்க்கும் எங்கள் ஹேங்கருக்கு வருவோம். டூல் போர்டில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தையே வரைந்து வைத்திருப்போம். ஷிஃப்ட் முடியும்போது எந்த உருவம் காலியாகத் தெரிகிறதோ அதுதான் தொலைந்த கருவி. ஒரு இரவு, நட்டு திருகும் பத்து எம்.எம். சாக்கெட் ஒன்று குறைந்தது. விடிந்தால் விமானம் கிளம்ப வேண்டும். மேலிடத்திலிருந்து போன் மேல் போன். காக்பிட் தரைத் தகடுகளைத் திரும்பக் கழற்றி, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துக் கேபிள் ஓடும் வழியெல்லாம் பார்த்தோம். இல்லை. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, குப்பைத் தொட்டியில் கிடந்த கிரீஸ் துணியை ஒரு பயிற்சிப் பையன் உதறினான். டங்கென்று விழுந்தது.

"இதுக்கா சார் இவ்வளவு நேரம்?" என்றான். தகடுகளைத் திரும்ப மாட்டச் சொன்னேன். மாட்டி முடித்ததும் கருவிகளை மறுபடி எண்ணச் சொன்னேன்.