திரும்பத் திரும்ப வரும் 48 எழுத்துகள்

மூளையின் முன்பகுதியில் உள்ள நரம்பணுக்களில் டி4 என்றொரு ஏற்பிப் புரதம் இருக்கிறது. நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் வந்து இதில் ஒட்டியதும், செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறின் உற்பத்தி குறையும். எதைக் கவனிப்பது, எதை விட்டுவிடுவது என்று மூளை முடிவு செய்வதில் இந்தச் சமிக்ஞைக்கும் பங்குண்டு.

இப்புரதத்துக்கான டிஆர்டி4 மரபணு 11ஆம் குரோமோசோமில் உள்ளது. அதற்குள் ஒரு விசித்திரம். 48 டிஎன்ஏ எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி என்ற வேதி அலகுகள்) கொண்ட துண்டு ஒன்று, அச்சுக் கோத்தவர் கைதவறி ஒரே வரியை மறுபடி மறுபடி கோத்துவிட்டதுபோல, அடுத்தடுத்து வருகிறது. எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். 2 முதல் 11 வரை பார்த்திருக்கிறார்கள். உலக அளவில் அதிகம் காணப்படுவது 4, அதற்கடுத்து 7.

மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம். ஆக, துண்டு ஒருமுறை கூடினால் புரதம் 16 அமினோ அமிலங்கள் நீளும். சரி, எந்த இடத்தில் நீளுகிறது? டோபமைன் ஒட்டும் குழி அப்படியேதான் இருக்கிறது. செல்லின் உட்பக்கம் தொங்கும் மூன்றாவது வளையம்தான் நீளுகிறது. செல்லுக்குள் செய்தியை எடுத்துச் செல்லும் ஜி-புரதத்திடம் அதைக் கைமாற்றும் பகுதியும் அந்தப் பக்கம்தான். 1995இல் வெளியான ஓர் ஆய்வில், 4 முறை வடிவம் காட்டிய அதே விளைவைக் காட்ட 7 முறை வடிவத்துக்கு இரண்டு மூன்று மடங்கு டோபமைன் தேவைப்பட்டது. எல்லாச் சோதனைகளிலும் வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்துவிடவில்லை.

மறு ஆண்டே, ஏடிஎச்டி எனப்படும் கவனக் குறைபாடு உள்ள குழந்தைகளிடம் 7 முறை வடிவம் அதிகம் தென்படுவதாக ஓர் ஆய்வு வந்தது. 'ஏடிஎச்டி மரபணு' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஏடிஎச்டி வரும் வாய்ப்பு சுமார் 1.3 மடங்காகத்தான் கூடுகிறது. அதாவது, நூற்றுக்கு ஐந்து பேருக்கு வரக்கூடிய இடத்தில் ஆறேழு பேருக்கு வரலாம். இந்த வடிவம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் குறைபாடே இல்லை. குறைபாடு உள்ள பலரிடம் இந்த வடிவமே இல்லை. இதை வைத்து ஒருவருக்கு ஏடிஎச்டி இருக்கிறதா என்று சொல்லவே முடியாது.

ஏடிஎச்டியில் மரபின் பங்கு 70 சதவீதத்துக்கும் மேல் என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். அந்தப் பங்கு ஏராளமான மரபணுக்களில் சிதறிக் கிடக்கிறது. மரபணுத்தொகுதி முழுவதையும் அலசி 2023இல் வெளியான பெரிய ஆய்வு 27 இடங்களை அடையாளம் காட்டியது. டிஆர்டி4 அதில் இல்லை. ஆனால் அத்தகைய ஆய்வுகள் முக்கியமாக ஒற்றை எழுத்து மாற்றங்களைத் தேடுபவை. திரும்பத் திரும்ப வரும் துண்டுகள் அவற்றின் கண்ணில் எளிதில் படுவதில்லை. எனவே இதை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் முடியாது.

இன்னொன்று. கென்யாவின் அரியால் மக்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. கால்நடைகளோடு இடம்பெயர்ந்து வாழும் ஆண்களில் 7 முறை வடிவம் உள்ளவர்கள் நல்ல உடல்வாகுடன் இருந்தார்கள். ஓரிடத்தில் தங்கிவிட்ட ஆண்களிடம் அந்த அனுகூலம் தெரியவில்லை.