‘அனுபவ மாற்ற விகிதம்’: யாருடைய அனுபவம்?

“உங்கள் அனுபவம் 1.0-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனால் பிரீமியம் கூடும்.” அமெரிக்காவில் கைக்கருவிகள் செய்யும் ஆலைகளுக்கான தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு, அதாவது வேலையில் அடிபடுபவருக்குப் பணம் கொடுக்க முதலாளி எடுக்கும் காப்பீடு, பற்றிய தமிழாக்கம் ஒன்று மெய்ப்புப் பார்க்க வந்தது. அதில் இருந்த வரி இது. முப்பது வருடம் சாணைக்கல் முன் நின்றவர் இதைப் படித்தால், பழைய ஆட்களை வீட்டுக்கு அனுப்பினால் முதலாளிக்குச் செலவு மிச்சம் என்றுதான் புரிந்துகொள்வார். அந்த வரியில் ‘அனுபவம்’ என்று சுருங்கி நிற்பது ‘அனுபவ மாற்ற விகிதம்’. இந்தச் சொல்லை நான் பார்ப்பது மூன்றாவது முறை. இனியும் சும்மா இருக்க முடியாது.

மூலச் சொல் ‘எக்ஸ்பீரியன்ஸ் மாடிஃபிகேஷன்’. தொழிலில் இருப்பவர்கள் ‘மாட்’ என்று சுருக்கிவிடுவார்கள். ‘எக்ஸ்பீரியன்ஸ்’ லத்தீனில் ‘முயன்று பார்த்தல்’ என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. நம் ‘அனுபவம்’ வடமொழி. வேர்க்கதை இவ்வளவு போதும், ஏனென்றால் காப்பீட்டுக்காரர் வாயில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. ஓர் ஆலையில் இதுவரை எத்தனை விபத்து நடந்தது, அதற்காக எவ்வளவு பணம் போனது என்ற பதிவைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார்.

அந்தப் பதிவை வைத்து என்ன செய்கிறார்கள்? அங்கே ஒவ்வொரு வகைத் தொழிலுக்கும் ஓர் எண் உண்டு. பல மாநிலங்களில் கருவி செய்யும் ஆலைக்கு 3113, சம்மட்டி இயந்திரத்தில் அடித்த கருவியைச் சீவித் தீட்டி முடிக்கும் வேலைக்கு 3114. எண்ணைப் பொறுத்துச் சம்பளத்தின் ஒவ்வொரு 100 டாலருக்கும் இவ்வளவு என்று ஒரு வீதம் வரும். பேச்சுக்கு 4 டாலர் என்று வைப்போம். ஆண்டுச் சம்பளம் 10 லட்சம் டாலர் என்றால் கணக்கு 40,000-இல் நிற்கும். இதை ‘மாட்’டால் பெருக்க வேண்டும். 1.25 என்றால் 50,000, 0.80 என்றால் 32,000. பொதுவாக மூன்று ஆண்டு விபத்துக் கணக்கைப் பார்த்து, அதே வகை ஆலைகளில் எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிட்டு இந்த எண்ணைப் போடுகிறார்கள். கடைசியாக முடிந்த ஆண்டைச் சேர்ப்பதில்லை. அதனால் இந்த வருடம் ஒரு விரல் போனால், அது பிரீமியத்தில் தெரிய நாளாகும். தெரிந்த பிறகு மூன்று வருடம் விடாது. மொத்தத் தொகை ஒன்றே என்றால், ஒரே பெரிய விபத்தைவிட அடிக்கடி நடக்கும் சின்ன விபத்துகள்தான் எண்ணை அதிகம் ஏற்றும். ஒவ்வொரு விபத்திலும் ஒரு வரம்பு வரையுள்ள தொகைக்கு முழுக் கனம், அதைத் தாண்டியதற்குக் குறைந்த கனம் என்று சூத்திரத்தை அமைத்திருக்கிறார்கள்.

இதில் ‘அனுபவம்’ எங்கே வந்தது? தமிழில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே கைநிறைய வேலை இருக்கிறது. வேலை விண்ணப்பத்தில் அது வருடக் கணக்கு. பத்திரத்தில் ‘அனுபவ பாத்தியம்’ என்றால் நிலத்தை ஆண்டுவரும் உரிமை. ‘அனுபவி’ என்று தனியாகச் சொன்னால் ஒன்று சுகம், இல்லையென்றால் சாபம். ஐந்தாவதாகக் காப்பீட்டுப் பொருளையும் அதன் தலையில் கட்டுவது அநியாயம்.

சரி, தனித்தமிழ் அன்பர்கள் ‘பட்டறிவுத் திருத்தக் காரணி’ என்கிறார்கள். எனக்கும் ‘பட்டறிவு’ பிடிக்கும். பட்டால்தான் தெரியும் என்பதை அப்படியே ஒரு சொல்லில் அடைத்து வைத்திருக்கிறது. ஆனால் இந்த எண்ணில் பட்டது மட்டும்தான் இருக்கிறது, அறிவு இல்லை. விரல் போன பிறகும் பிரஸ் இயந்திரத்துக்குத் தடுப்பு போடாத ஆலைக்கும் ‘பட்டறிவு’ 1.25 என்று எழுதுவதா? ‘காரணி’யும் உதவாது. கணக்கு வகுப்பைத் தாண்டினால் அதைக் ‘காரணம்’ என்றே படிக்கிறார்கள்.

என் பரிந்துரை ‘விபத்துப் பதிவுப் பெருக்கெண்’. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதைப் பார்த்துப் போடும் எண், அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டும் பெயரிலேயே இருக்கின்றன. முதல் தடவை முழுசாக எழுதிவிட்டு, அப்புறம் ‘பெருக்கெண்’ என்று விட்டால் போதும். ‘உங்கள் பெருக்கெண் 1.0-க்கு மேல் போனால் பிரீமியம் கூடும்’ என்றால் யாரும் தடுமாற மாட்டார்கள். பிரீமியத்தை நான் தொடவில்லை. அது ஊர்ச்சொல் ஆகிவிட்டது.

அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டுவதுதான் இந்த மொழிபெயர்ப்பாளர்களின் நோய். அதே தமிழாக்கத்தில் இன்னொரு வரி: “ஒவ்வொரு சாணை இயந்திரத்திற்கும் காவலர் இருக்க வேண்டும்.” சீருடையும் தொப்பியுமாக ஒருவரை நிறுத்தவா? மூலத்தில் இருந்தது ‘கார்ட்’, அங்கே சொல்லவந்தது கல்லைச் சுற்றிப் போடும் இரும்பு உறை. கல்லுக்கும் பொருளை வைத்துத் தீட்டும் தாங்கிக்கும் நடுவே எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்பது அமெரிக்க விதி. கூடினால் பொருள் உள்ளே இழுபட்டுக் கல் வெடிக்கலாம். அதை அவர் ‘0.125 அங்குலம்’ என்று எழுதியிருந்தார். அரைக்கால் அங்குலம் என்று அழகான சொல் நம்மிடம் இருக்கிறது. திருத்தி அனுப்பினேன். ‘அரைக்கால்’ பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, “யாருடைய கால்?” என்று கேட்டுத் திரும்பி வந்தது.